பினாங்கின் நீரிழிவு

1973-ஆம் ஆண்டு அக்டோபர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவு முழுவதும் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் நின்றிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் நீர் சொட்டும் ஓசை மட்டும் மிச்சம். காரைக்குடியில் மூன்று சகோதரர்களுக்குப் பொதுவான ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில், நடு மருமகள் சாலா, கணவருடைய தமையனாரின் சோதனைக் குழாயில் பூனையின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

பிறர் பொருளைக் கேளாமல் தொடும் பழக்கம் உடையவள் அல்லள் அவள். பூனையை முன்னிட்டே இந்தக் காரியத்துக்குத் துணிந்தாள்.

பூனையின் பெயர் பினாங்கு. பதினாறு ஆண்டுகளுக்கு முன் சாலா இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். வழக்கப்படி அவளுக்கும் கணவர் சத்தியமூர்த்திக்கும் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து வேறு வைத்த அதே வாரத்தில், பினாங்கிலிருந்து கண்ணாடிச் சாமான் வந்திறங்கிய ஒரு பெட்டியின் வைக்கோலுக்குள் அது பிறந்தது. தாய்ப் பூனை மூன்றாம் நாள் போனது போனதுதான். சாலா துணித் திரியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தாள். அடுப்பு மூட்டவும் பூனை வளர்க்கவும் அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டாவதில் சீக்கிரம் தேறிவிட்டாள் என்று மூத்த ஓர்ப்படியாள் நாகம்மை இன்றைக்கும் சொல்வாள். சத்தியமூர்த்திக்கு மதுரையில் மில் உத்தியோகம். சனிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். பிள்ளைகள் இருவரும் விடுதியில் படித்தார்கள். ஆக, வாரத்தில் ஐந்து நாள் அந்த அறையில் சாலாவுடன் குடித்தனம் செய்தது பினாங்குதான்.

ஆவணியிலிருந்து அது தண்ணீராகக் குடித்தது. வைத்த கிண்ணம் காலியானதும் முற்றத்துத் தேக்சாப் பாத்திரத்தில் முன்னங்காலை ஊன்றிக் குடித்தது. முன்னிலும் அதிகமாகத் தின்றும், முதுகெலும்பு சீப்புப் பல்லாகத் துருத்தியது. குடித்த நீரெல்லாம், வீட்டின் நடுவே முற்றத்தைச் சுற்றிக் கூடம் ஓடும் வளவில், கீழ்வரிசை மூன்றாம் தூணடியில் குட்டையாகத் தேங்கியது. அதுவரை யாரும் அதை நோயென்று சொல்லவில்லை, வயது என்றார்கள். பிறகு எறும்பு வந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. நாகம்மை அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்தாள். எறும்பு வருவதில் வியப்பில்லை. ஆனால் சாரை சாரையாக வந்த எறும்பு, அதிரசத் தூக்கை ஏறெடுத்தும் பாராமல் தூணடிக்குப் போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் சின்னத்தாயிதான் அதை முதலில் கண்டாள்.

"சின்னாச்சி, இங்குட்டு வந்து பாருங்க. பாகை விட்டுப்புட்டு மூத்திரத்துல வந்து மொய்க்குது. எங்க மாமனாருக்கு இப்பிடித்தான் மொச்சுச்சு. ஆசுபத்திரியில பாத்தா சக்கரை."

"பூனைக்கு ஏது சின்னத்தாயி சக்கரை?"

"மாமனாருக்கு வரலாம், பூனைக்கு வரப்பிடாதாக்கும்?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய கருவி வீட்டிலேயே இருந்தது. மூத்தவர் சோமுவுக்கு ஐந்து ஆண்டுகளாக நீரிழிவு. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு, இரண்டாங்கட்டுச் சிற்றறையில், நீல மருந்தில் தம் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிடம் காய்ச்சி, குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போவார். திருநீறு பூசி வந்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் ஆபத்து. ஓராண்டாக அவருக்கு இளம்பச்சையே வந்தது. இந்த முறைமையைச் சாலா அம்மிக்கல்லருகே அமர்ந்தபடி ஐந்தாண்டு பார்த்திருக்கிறாள்.

அவர் குளிக்கப் போயிருந்த அந்த இடைவெளியில்தான் அவள் இரண்டாவது குழாயை எடுத்தாள். மருந்து பொங்கியது, பச்சையானது, மஞ்சளானது, எங்கும் நிற்காமல் செங்கல்லாகச் சிவந்தது. ஒருவேளை மருந்தே பழுதோ என்று, தாங்கியிலிருந்த மூத்தவர் குழாயையும் எடுத்து இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தாள். அது பச்சை, இது சிவப்பு. மருந்தில் பழுதில்லை.

அப்போது கிணற்றடியிலிருந்து மூத்தவரின் மரப் பாதக்குறட்டின் ஓசை கேட்டது. சாலா ஒரு குழாயைத் தாங்கியில் நிறுத்தினாள். மற்றதைச் சாக்கடையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள். பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

கழுவியது பச்சையை.

அன்று காலை பத்திரிகை எங்கே என்று கேட்கும் மூத்தவர் குரல் எழவில்லை. சோமு இட்லியைத் தொடாமல் பாகற்காய்ச் சாறு கேட்டார். வீட்டைச் சுற்றி இருபத்தொரு முறை நடந்தார். காரணம் கேட்ட மனைவியிடம், "செங்கல்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். நாகம்மை அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள். பாகு, மாவு, வெல்லம் எல்லாம் பரண் ஏறின. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மகள் நாகவல்லி, தகப்பனைப் பார்த்து, அப்பச்சிக்கு என்ன என்று அழத் தொடங்கினாள். மூத்தவருக்கு ஓராண்டாகப் பச்சையே வந்ததும், தான் கழுவியது எந்தக் குழாயை என்பதும் சாலாவுக்கு ஒருசேர நினைவு வந்தபோது பகல் பன்னிரண்டு.

அவள் கணவரிடம் ஓடினாள். சத்தியமூர்த்தி முழுவதும் கேட்டுவிட்டு, "சொல்லிர்றதுதான் நல்லது" என்றார்.

"அப்ப நீங்களே அண்ணன்கிட்டச் சொல்லுங்களேன்."

"நானா? வெள்ளனப் பஸ்ஸுக்குப் போகணும் சாலா."

பஸ் புறப்படப் பதினேழு மணி நேரம் இருந்தது. அவர் அதைப் பிடித்தார்.

மறுநாள் மாலைவரை சாலா பொறுத்தாள். நாகம்மையிடம் சொல்ல அச்சம். மூத்தவரிடம் சொல்ல வழக்கம் இடங்கொடுக்கவில்லை. கணவனின் தமையனாரிடம் இளையவன் மனைவி நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டில் இல்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கும் யாருக்காவது சொல்வாள். அவர் காதில் விழும். யாரும் இல்லையென்றால் தூணுக்குச் சொல்வாள். மாலை ஐந்து மணிக்கு மூத்தவர் நாகவல்லியைக் கூப்பிட்டு, நல்ல வெள்ளைக் காகிதமாக நான்கு கொண்டுவரச் சொன்னார். உயில் எழுதத்தான் என்று வீட்டுக்கே புரிந்தது. சாலா பூனையைத் தூக்கிக்கொண்டு முகப்புக் கதவோரம் போய் நின்றாள்.

"பினாங்கு," என்றாள் பூனையிடம், "அவுக பாத்த செங்கல்லு உன்னோடதுன்னு சொல்லிரு."

பேனா நின்றது. மூத்தவர் எதிரிலிருந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்: "யாரோட செங்கல்லு?"

"உன்னோடதுதான்னு சொல்லு. கொழாய் ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு, மாத்திக் கழுவிட்டாகன்னு சொல்லு. அவுகளோடது பச்சை. எளம்பச்சை. நான் கண்ணால பாத்தேன்னு சொல்லு."

சோமு நாற்காலியிடமே மிக மெதுவாக, "எளம்பச்சையா, கடும்பச்சையா?" என்று கேட்டார்.

"வாழைக் குருத்து மாதிரி."

அவர் பேனாவை மூடினார். எழுந்தார். உள்ளே பார்த்து, "நாகம்மை! அதிரசத்துக்கு அடுப்பைப் பத்த வை!" என்று கூவினார். நீரிழிவுக்காரர் ஒருவர் அதிரசத்துக்காக அப்படிக் கூவியதை அந்தத் தெரு அதற்குமுன் கேட்டதில்லை.

செய்தி அடுக்களையை எட்டியதும் நாகம்மை முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், மூன்றாவதாகக் கோபப்பட்டாள். கோபம் மட்டும் தங்கிவிட்டது.

"ரெண்டு நாளா நான் கும்பிடாத சாமியில்ல. தாலியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுக் கெடக்கேன். கடைசியில பாத்தா பூனை மூத்திரமா? அதுவும் அவுக கொழாயிலயா?"

"கழுவிட்டேன் ஆச்சி."

"ஆமா, கழுவுனே. கழுவ வேண்டியதை விட்டுட்டுக் கழுவுனே! தையில நாச்சியாபுரத்துலேருந்து சம்பந்தி வீட்டுக்காரவுக வருவாக. வளவுல கால் வைக்கையில எறும்பு மூத்திரத்துக்குப் போற வழியையா காட்டுறது?"

அன்று விளக்கு வைக்கும் முன் அவள் ஒரு விண்ணப்பம் எழுதிக் கணவரிடம் நீட்டினாள். அந்த வீட்டைக் கட்டிய மாமனார் வகுத்த விதி அது: பொது வீட்டில் எதைச் சேர்ப்பதானாலும் நீக்குவதானாலும் எழுத்தில் கேட்க வேண்டும், சகோதரர் மூவரும் கையெழுத்திட்ட முடிவை எழுத்திலேயே தர வேண்டும். கடைசியாக அவ்வாறு முடிவானது ஒரு முருங்கை மரம். நான்கு ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டது. நாகம்மையின் விண்ணப்பம் இரண்டே வரி. பூனையைக் கல்யாணத்துக்கு முன் மானகிரித் தோப்புக்கு அனுப்பி, காவல்காரர் கருத்தையாவின் பொறுப்பில் விட வேண்டும்.

சோமு அதன் மேல் ஓரத்தில், "தம்பி குழந்தைவேலு சென்னையிலிருந்து மார்கழி நோன்புக்கு வந்ததும் முடிவு செய்யப்படும்" என எழுதித் தேதியிட்டு, மேசையில் பித்தளை எடையின்கீழ் வைத்தார்.

கருத்தையா நல்லவர். ஆனால் தோப்பில் மூன்று நாய் இருந்தது. கூரையுள்ள இடம் ஒன்றே இருந்தது. மானகிரி நாலு மைல்தான். பதினாறு வயதுப் பூனைக்கு அது திரும்பி வர முடியாத தொலைவு என்பது சாலாவுக்குத் தெரியும். அன்று முதல் முகப்பைக் கடக்கும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பித்தளை எடைக்குப் போய் வந்தது.

தீபாவளி கழிந்ததும் அவளும் சின்னத்தாயியும் பினாங்கை மூடிக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் குருநாதன் இளைஞர். அப்போது ஒரு காளையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடையைத் திறந்ததும் காளையே ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

"எறும்பு மொய்க்குதா? செங்கல்லா? நீங்களே காய்ச்சிப் பாத்தீங்களா?" அவர் பேரேட்டைப் புரட்டினார். மாடு, எருமை, ஆடு, கோழி, நாய் என்று அச்சிட்ட கட்டங்கள் இருந்தன. பூனைக்குக் கட்டம் இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டார். "நாய்க்கு வரும்னு படிச்சிருக்கேன். பூனைக்கும் வரும்னு நாலு வரி இருந்துச்சு. என்கிட்ட இதுதான் மொதல்."

"பொழைக்குமா டாக்டர்?"

"இது தீர்ற நோயில்லம்மா. வச்சுப் பாத்துக்கிற நோய். இன்சுலின் ஒரு யூனிட்டுல தொடங்கலாம். தெனமும் ஒரே நேரம். வயித்துல ஏதாச்சும் போன பெறகுதான் ஊசி; சாப்பிடலைன்னா அன்னைக்கு ஊசி கெடையாது. இதை மட்டும் மறந்துராதீங்க. மீனு, முட்டை குடுங்க. இனிப்பு ஆகாது. இப்ப என்ன குடுக்குறீங்க?"

"பால் சோறு. நெத்திலி."

"பணியாரம்," என்றாள் சின்னத்தாயி.

சாலா திரும்பிப் பார்த்தாள். "பணியாரம் யாரு குடுக்குறது?"

"பெரியாச்சிதான். தெனம் ரெண்டு. நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

ஊசி மருந்து சோமு வழக்கமாக வாங்கும் கடையில் கிடைத்தது; ஊசி போடும் கைதான் கிடைக்கவில்லை. சாலா ஊசியைத் தோல்வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டாள். சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை சோமு வளவுக்கு வந்து, தூணைப் பார்த்துச் சொன்னார்:

"ஏழு மணிக்கு எனக்கு ஊசி. கொதிக்கிற வெந்நீ எப்பிடியும் இருக்கும். இன்னொரு ஊசியைப் போட்டா வெந்நீ கொறஞ்சிராது."

அவ்வளவில் ஏற்பாடு முடிந்தது. ஆறே முக்காலுக்கு நெத்திலி. ஏழு மணிக்குச் சாலாவின் மடியில், துண்டில் சுற்றிய பினாங்கு. சோமு முதலில் தமக்குப் போட்டுக்கொள்வார். பிறகு வேறு ஊசியை எடுத்துப் பூனையின் பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி, கண் இமைக்குமுன் முடித்துவிடுவார். "வலிக்காது; எனக்கே வலிக்கல" என்று ஒவ்வொரு நாளும் அதனிடம் சொல்வார். மனிதர்களிடம் அவர் இவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை.

"நான் கட்டிக்கிட்டு வந்தது ஒருத்தரை," என்பாள் நாகம்மை வெந்நீர்ச் சட்டியை வைத்தபடி. "இப்ப ரெண்டு பேருக்குப் பண்டுவம் பாக்குறேன்."

ஞாயிறு காலையில் தாங்கியில் இரண்டு குழாய் நின்றன. இரண்டிலும் மூத்தவர் கையெழுத்தில் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது: ஒன்றில் 'சோமு', மற்றதில் 'பினாங்கு'. கார்த்திகை முதல் ஞாயிறு பூனை மஞ்சளுக்கு வந்தது. மூன்றாம் ஞாயிறு பச்சை. அதற்கடுத்த வாரம் பூனை இளம்பச்சையும் அவர் கடும்பச்சையும் காட்டினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கலை அவர் கையால் தள்ளினார்.

"ஒரு வாய்தானே," என்றாள் நாகம்மை.

"பூனைகிட்டத் தோக்கச் சொல்றியா?"

குட்டை நின்றது. எறும்பு அதிரசத் தூக்குக்குத் திரும்பியது. பினாங்கின் முதுகில் சதை பிடித்தது. ஒருநாள் அது, பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் வாலைத் தானே துரத்திப் பார்த்தது. பாதியில் யோசித்து நிறுத்திக்கொண்டது. சாலா அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததில் குழம்பு அடிப்பிடித்தது.

ஆனால் விண்ணப்பம் எடையின்கீழ் அப்படியே இருந்தது. ஒருநாள் சாலா கேட்டும் பார்த்தாள்.

"ஆச்சி, இப்பத்தான் வளவு சுத்தமா இருக்கே. அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கிறக் கூடாதா?"

"எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்குறதா? நாளைக்கு எந்தச் சொல்லு நிக்கும் எனக்கு? கல்யாணம் முடியிறவரைக்கும் அது மறுபடி மூணாந்தூணுக்கு வராதுன்னு நீ எழுதித் தாரியா?"

சாலாவால் தர முடியவில்லை. தோப்பில் ஏழு மணி ஊசிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அழுகை வரும் என்பதால் கேட்கவில்லை.

மார்கழியில் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடிய நாள் பிள்ளையார் நோன்பு வந்தது. குழந்தைவேலு மனைவியுடன் நண்பகல் வந்திறங்கினார். சாப்பிட்டுக் கை கழுவியதும் விண்ணப்பத்தைப் படித்தார்.

"அண்ணமிண்டி கேக்குறதுல தப்பில்லையே," என்றார், அண்ணன் மனைவியைப் பார்த்து. "கல்யாண வீடு. ராத்திரி நோன்பு முடியட்டும், கையெழுத்துப் போட்டுட்டுப் படுக்குறேன்."

சத்தியமூர்த்தியிடம் சாலா அறைக்குள் கேட்டாள். "நீங்க போட மாட்டீகள்ல?"

"அண்ணன் போட்டா, நான் போடாம எப்பிடி?"

"அண்ணன் போடுவாகளா?"

"அது அண்ணனுக்குத்தானே தெரியும்."

நோன்பன்று அந்த வீட்டில் மீன், முட்டை எதுவும் நுழையாது. காலையிலிருந்து சாலா ஈரப் புடவையுடன் நோன்பு மாவு பிசையும் வேலையில் இருந்ததால், அன்று ஒருநாள் பூனையைச் சின்னத்தாயிதான் மடியில் பிடித்தாள். நெத்திலி இல்லாததால் தயிர்ச் சோறு வைத்திருந்தாள். பினாங்கு அதை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆகாரம்?" என்று கேட்டார் சோமு, ஊசியுடன்.

"வச்சாச்சுங்க."

வைத்தது உண்மை. அவர் ஊசியைப் போட்டார்.

மாலை ஆறரைக்கு வளவில் விளக்கேற்றி, பிள்ளையார்முன் அனைவரும் கூடினார்கள். இருபத்தோரு நூலிழையைத் திரித்து, பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த சிற்றுருண்டையில் திரியாக நட்டு ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் கையால் அதை வாங்கி, சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்பது இதுதான். வீட்டு எண்ணிக்கைப்படி ஆளுக்கு ஒன்று. அன்று பதினோரு பேர். நாகம்மை எண்ணிப் பதினோரு உருண்டை பிடித்திருந்தாள். சோமு ஒவ்வொருவரையும் அழைத்துக் கொடுத்து வந்தார். சாலாவும் எடுத்துக்கொண்டாள், வாய்க்குள் சுடர் அணைந்த சூடும் வெல்லமும் ஒருங்கே இறங்கின. பத்துப் பேர் முடிந்து, கடைசி உருண்டை, அவருடையது, அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. அவருடையது மட்டும் சுண்டைக்காயளவு.

அப்போது அவர் மூன்றாம் தூணைப் பார்த்தார்.

பினாங்கின் பின்னங்கால்கள் இரண்டும் இரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. தலை ஆடியது. எழ முயன்று, கன்னம் தரையில் படச் சாய்ந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு கிழட்டுப் பூனை படுப்பது. இன்சுலின் மிகுந்து ஒரு முறை பஸ் நிலையத்தில் இதேபோல் சாய்ந்தவருக்கு அது என்னவென்று தெரியும்.

"சாலா!" என்று கத்தினார். "அதைத் தூக்கு! வாயைத் தொற!"

பதினாறு ஆண்டில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை. அது யாருக்கும் உறைக்கவில்லை; அவளுக்கே உறைக்கவில்லை. ஓடிப்போய்ப் பூனையை மடியில் அள்ளினாள். நோன்புச் சுடரை ஊதி அணைக்கலாகாது. சோமு எரியும் திரியை மட்டும் பிய்த்து வாயில் போட்டு விழுங்கினார். மாவை விரலில் குழைத்துப் பூனையின் ஈறில் தேய்த்தார்.

"நோன்பு மாவை!" என்றாள் குழந்தைவேலுவின் மனைவி.

"வெல்லம்," என்றார் சோமு, திரும்பாமல். "வெல்லம்தான் வேணும். நாகம்மை, இன்னும் கொஞ்சம் கொண்டா."

நாகம்மை மாவுச் சட்டியோடு வந்து உட்கார்ந்தாள். "காலையில தின்னுச்சா இது?" என்று கேட்டாள்.

"வச்சேன் பெரியாச்சி... தயிர்ச் சோறு... வேணாம்னுருச்சு," என்றாள் சின்னத்தாயி, அழுதுகொண்டே.

"வேணாம்னதைச் சொல்லணும்ல?"

"ஆகாரமான்னுதானே கேட்டாக. வச்சதைச் சொன்னேன்."

குழந்தைவேலு செய்வதறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்று. சாலா அதன் காதோரம், "பினாங்கு, பினாங்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் நிமிடம் ஒரு வெளிறிய நாக்கு வெளியே வந்து, வெல்லத்தை நக்கி, உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. ஒன்பதாம் நிமிடம் பூனை தலையைத் தூக்கி, வளவில் கூடியிருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, வாயில் இருந்த விரலைக் கடித்தது.

"கடிச்சிருச்சு!" என்றார் சோமு, பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்பவர்போல. "நல்லாவே கடிச்சிருச்சு!"

வளவே சிரித்தது. நாகவல்லி கைதட்டினாள். சத்தியமூர்த்தி சாலாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சின்னத்தாயி, ஓடிப்போய் ரெண்டு கோழி முட்டை வாங்கியா. பின்கட்டுல வச்சு அவிச்சுக் குடு. நோன்பு வளவோட முடிஞ்சிருச்சு."

குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி. அண்ணனுக்கு இழை? பதினோராவதை யாரு எடுத்தது, அண்ணனா, பூனையா?"

நோன்பன்று வீட்டு மூத்தவர் இழை எடுக்காமல் நிற்பது விளையாட்டுக் காரியம் அன்று. நாகம்மை சட்டியில் மிஞ்சியிருந்த மாவை வழித்தாள். மிகச் சிறிதாக ஓர் உருண்டை பிடித்தாள். புதுத் திரி நட்டு ஏற்றிக் கணவரிடம் நீட்டினாள்.

"பன்னெண்டு," என்றாள். "நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

சோமு அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு குழந்தைவேலு கையெழுத்திடாமலே படுத்தார். மறுநாள் காலை பினாங்கு முட்டை தின்றதைச் சோமு நேரில் பார்த்த பிறகே ஊசியைக் கையில் எடுத்தார். அன்று அரை யூனிட்தான். மருத்துவர் குருநாதனுக்கு ஆள் போயிருந்தது. எட்டு மணிக்கு மூத்தவர் முகப்பு மேசையில் அமர்ந்து, பித்தளை எடையை நகர்த்திவிட்டு எழுதத் தொடங்கினார். அடித்து ஒரு முறை எழுதினார். முடித்ததும் விதிப்படி மனைவியை அழைத்து வாசித்துக் காட்டினார். சாலா கதவுக்கு இந்தப் புறம், பூனையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. பினாங்கு என்னும் பூனை, அதன் ஆயுள் உள்ளவரை, இந்தப் பொது வீட்டிலேயே இருக்கும். தோப்புக்கு அனுப்பப்படமாட்டாது. கல்யாணத்தின் மூன்று நாளும் அதற்குக் காலை ஏழு மணிக்கு ஊசி போடப்படும். பெண்ணின் தகப்பனாருக்கு அந்நேரம் மணவறையில் வேலை இருக்குமாயின், பத்து நிமிடம் முன்னதாகப் போடப்படும்."

"நில்லுங்க," என்றாள் நாகம்மை. "ஆகாரம் தின்ன பெறகுன்னு எழுதலையே?"

"அது தெரிஞ்சதுதானே."

"நேத்தும் தெரிஞ்சதுதான். எழுதுங்க. வச்சாச்சான்னு இல்ல, தின்னுச்சான்னு கேக்கணும். தின்னதை நான் பாத்துச் சொல்லுவேன். அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். "அப்புறம்?"

"அடுத்த வருஷத்துலேருந்து உருண்டை ஒண்ணு கூடப் பிடிக்கணும். வெல்லம் கம்மியா."

அதையும் எழுதினார். தேதியிட்டார். சோமு கையெழுத்திட்டார், மதுரைப் பஸ்ஸைத் தவறவிட்டிருந்த சத்தியமூர்த்தி, அண்ணன் போட்டாரா என்று பாராமல், அவசரமாகக் கையெழுத்திட்டார், குழந்தைவேலு முழுவதும் இரண்டு முறை படித்துவிட்டு, "பூனைக்கு வந்த வாழ்வு!" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். முடிவை விண்ணப்பித்தவரிடம் தருவதே விதி. சோமு மையை ஒற்றி நாகம்மையிடம் தந்தார்.

நாகம்மை அதை ஒருமுறை வாசித்தாள். மடித்தாள். கதவுக்கு இந்தப் புறம் வந்து, பூனையை ஏந்தி நின்ற சாலாவின் கையில் கொடுத்தாள்.